யானைத்தீ

ஆண்டுமலரின் தமிழ்ப் பகுதிக்குத் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் எழுதுவன பெரும்பாலும் புலவர் பெருமையாகவோ நூல்நயமாகவோ அமைதல் வழக்கம். யாம் எழுதப் புகுந்ததோ ஒரு நாயின் வயிற்றைப் பற்றி. இது கேட்டு முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்க. அவ்வயிற்றினுள் நிகழ்ந்தது இன்னதென அறியாமையால், ஏறத்தாழ அரையாண்டுக் காலம் ஓர் உயிரைப் பெருந்தீனிக்காரன் என்றும் கள்ளன் என்றும் இகழ்ந்தோம். ஒருநாள் அடிக்கவும் செய்தோம். அதனை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதுதல் எமக்கு உடன்பாடன்று.

எம் ஊர் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திற்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூர். கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் செம்மண் நிலம். மழை பொய்த்த ஆண்டில் புளியமரங்களே துணை. எம் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், பெங்களூரில் வேலை பார்க்கும் எம் தாய்மாமன், மடியில் ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கினார். ஜெர்மன் ஷெப்பர்டு என்னும் இனம். எம் ஊரார் அதனை 'அல்சேஷன்' என்றும் 'போலீஸ் நாய்' என்றும் வழங்குவர். தமிழ்ப்பற்று மிகுந்த யாம் அதற்கு 'வேங்கை' எனப் பெயரிட்டோம். எம் பாட்டியாரோ அப்பெயரை ஒருநாளும் நாவில் ஏற்றுக்கொள்ளாது, 'டைகரு' என்றே அழைத்து வந்தார். நாயும் டைகர் என்றால் ஓடி வரும். வேங்கை என்றால் திரும்பியும் பாராது. தனித்தமிழுக்கு எம் இல்லத்தில் நேர்ந்த முதற்றோல்வி அது.

ஓராண்டு நிரம்புமுன்னரே வேங்கை 31 கிலோ எடை ஏறிவிட்டது. காலையில் களியும் மோரும், மாலையில் சோறு, ஞாயிறன்று கறிக்கடை எலும்பு, இவ்வளவே அதன் உணவு. இரவில் அது திண்ணையிற் படுத்திருக்கையில் எம் தெருவினர் வாயிற்கதவைச் சாத்தாமலே உறங்கினர்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாம் இக்கல்லூரியிற் சேர்ந்தோம். தசரா விடுமுறைக்கு இல்லம் சென்றபோது எம்மை எதிர்கொண்ட நாயைக் கண்டு வேறொன்றோ என ஐயுற்றோம். விலாவெலும்புகளைத் தொலைவில் நின்றே எண்ணலாம். இடுப்பெலும்பு கூடாரக் கம்புபோல் தோலைக் குத்தி நின்றது. கருமை மின்னிய முதுகுமயிர் புழுதி படிந்த சாக்குத் துணியின் நிறம் அடைந்திருந்தது. நோயுற்ற நாய் முதலில் உணவை வெறுக்கும் என்பது எவரும் அறிந்தது. இதுவோ முன்னினும் மும்மடங்கு தின்றது. தன் கலத்தைத் துடைத்து உண்டபின் கோழிக்கு வைத்த தவிட்டை உண்ணும். அடுப்பங்கரையில் நுழைந்து களிச்சட்டியைக் கவிழ்க்கும். அண்டை வீட்டார் வெயிலிற் காயவைத்த நிலக்கடலையைத் தோலொடு விழுங்கும். சாணத்தையும் மண்ணையும் நக்கும். இரவெல்லாம் அதன் வயிறு இரையும் ஓசை திண்ணையினின்று உள்ளறை வரை கேட்கும். அன்னையார், "எவ்வளவு போட்டாலும் ஓட்டைப் பானைல ஊத்துற மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொண்டார். அச்சலிப்பே மெய்யான நோய்க்குறிப்பு என்பதை அன்று எவரும் உணர்ந்திலோம்.

கழிவைப் பற்றியும் கூறியே தீரவேண்டும்; மருத்துவர் பின்னர் எம்மை முதலில் வினவியது அதுவே. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை, மாட்டுச் சாணத்தின் அளவில், வெளுத்த களிமண் நிறத்தில், நெய் பூசியதுபோன்ற பளபளப்போடு அது கழிந்தது. அதன் நாற்றமோ எழுத்தில் அடங்காது. இவற்றினும் கொடிது, வேங்கை தன் கழிவைத் தானே உண்ணத் தொடங்கியமை. முன்பு அதனைத் தடவிக் கொடுத்த எம் தெருச் சிறுவர்கள் அது கண்டபின் அருகே வருவதை நிறுத்திவிட்டனர்.

செய்யத்தக்கன செய்யாமலில்லை. அருகிலிருந்த ஒருவரிடம் மருத்துவம் பார்த்தோம். அவர் வயிற்றுப் பூச்சி என்றார், மருந்து கொடுத்தார். குணமின்மையால் மீண்டும் கொடுத்தார். மூன்றாம் முறையும் அதுவே. எம் பக்கத்து நாய்களுக்குப் பூச்சித் தொல்லை மிகுதியாதலின் அவர் அங்ஙனம் எண்ணியதில் வியப்பில்லை. மூன்றாம் முறையேனும் வேறு எண்ணியிருக்கலாம் என்பதே எம் குறை. அண்டை வீட்டு அம்மையார் கண்ணேறு என்று கூறிக் கறுப்புக் கயிறு கட்டினார். கிறித்தவ இல்லத்தில் கறுப்புக் கயிறா என்று தந்தையார் முணுமுணுத்தார்; ஆயினும் அவிழ்க்கவில்லை.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளை யாம் மறத்தற்கில்லை. விருந்தினர் பலர் வந்திருந்தனர். நாய் இளைத்திருக்கிறதே என்னும் இரக்கத்தால், பிரியாணிக்கு வாங்கிய ஆட்டிறைச்சியின் கொழுப்பையெல்லாம் திரட்டி அதற்கிட்டவர் நாமே. இரண்டு நாழிகைக்குள் கழிச்சல் கண்டது. முற்றத்தில் நாற்காலி இட்டு விருந்தினர் அமர்ந்திருக்க, அவர்கள் கண்ணெதிரே அது தான் கழித்ததைத் தானே உண்டது. ஒருவர் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். சிறுவர் சிலர் நகைத்தனர். கல்லூரி மாணவர் என்னும் மிடுக்கோடு புத்தாடை உடுத்து நின்ற எமக்கு நாணமும் சினமும் ஒருங்கே எழுந்தன. புளிய விளார் ஒன்றை ஒடித்து அதனை அடித்தோம். எத்தனை அடி என்பது நினைவிலில்லை. அது குரைக்கவில்லை, எதிர்க்கவுமில்லை, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, அடிக்கு நடுவிலும் அக்கழிவை நக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பசி.

விருந்தினர் சென்றபின் தந்தையார் ஒரு முடிவு கூறினார். குடியரசு நாள் விடுமுறையன்று நண்பரின் வண்டியில் ஏற்றிச் சென்று தொப்பூர்க் கணவாய்க்கு அப்பால் விட்டுவிடுவது. நெடுஞ்சாலையோரத்து உணவுக்கடைகளில் மிச்சில் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கூறிய ஆறுதல். அவர் கொடியவரல்லர். எம் சிறு பருவத்தில் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் சென்று, நடுகற்களைக் காட்டி, ஒவ்வொரு வீரன் கதையையும் கூறியவர் அவரே. எமக்கு அண்டையிலுள்ள செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில், தலைவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் உருவும் பெயரும் பொறித்துள்ளனர் என்பதை எமக்கு முதலிற் சொன்னவரும் அவரே. அத்தகையவரை அவ்வாறு பேசச் செய்தது மாதச் சம்பளமும் அயலார் முகமும். அவர் கூறியதற்கு யாமும் மறுப்புரைத்திலோம். மறுத்தவர் பாட்டியார் ஒருவரே. "வயசான காலத்துல என்னையும் தொப்பூர்ல எறக்கி உட்ருவீங்களா?" என்றார். யாம் விடை கூறாது பெட்டி கட்டிக்கொண்டு கல்லூரி திரும்பினோம்.

ஜனவரியில் வகுப்பில் மணிமேகலை நடந்தது. காயசண்டிகையின் கதை நேயர்கள் அறிந்ததே: விருச்சிக முனிவனுக்கென வைத்திருந்த நாவற்கனியைக் காலாற் சிதைத்தமையால், பன்னீராண்டு தீராத யானைத்தீ என்னும் பசிநோய்க்கு ஆளாகிப் புகார் நகரில் அலைந்தவள் அவள். எத்துணை உண்டாலும் உடல் ஏற்காது. உண்பது எங்கே போகிறதென அவளே அறியாள். ஆசிரியர் அப்பகுதியை விளக்கிக்கொண்டிருக்கையில் எம் செவியிற் கேட்டது திண்ணையில் இரைந்த வயிற்றின் ஓசை. காயசண்டிகையைப் பெருந்தீனிக்காரி என்று காப்பியத்தில் எவரும் அடிக்கவில்லை; அவளுக்கு வந்தது நோய் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

அன்று மாலை விடுதியில், விலங்கியல் பயிலும் நண்பரொருவரிடம் யாவற்றையும் விவரித்தோம். அவர் நகைக்கவில்லை. உண்டும் மெலிவதற்குச் சில காரணங்களே உண்டு என்றார்: பூச்சி, சர்க்கரை நோய், குடலின் நோய், அல்லது கணையம் செரிமான நீரைச் சுரவாமை. கழிவு வெளுத்து எண்ணெய் மினுக்கோடு இருக்கிறதா என்று வினவினார். ஆம் என்றோம். நாய் எந்த இனம் என்றார். சொன்னவுடன், "அந்த இனத்துக்கே இந்நோய் மிகுதி என்று படித்திருக்கிறோம், உடனே நாமக்கல்லுக்குக் கொண்டுபோங்கள்" என்றார். குடியரசு நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தன. அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசியிற் பேசினோம். தந்தையார் நெடுநேரம் மௌனமாயிருந்து, "ஒரு மாதம் பார்ப்போம்" என்றார்.

பிப்ரவரி முதல் வாரத்தில், தொப்பூரில் இறக்கிவிட ஏற்பாடு செய்த அதே வண்டியில், அதே தொப்பூர் வழியாக, சேலம் கடந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சென்றோம். கணவாயில் வண்டி மெதுவாகச் சென்றபோது தந்தையார் சாளரத்தின் புறமே பார்த்துக்கொண்டு வந்தார். எம்மோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அங்கு நிறுத்தபோது வேங்கையின் எடை 19 கிலோ. மருத்துவ அம்மையார் நாயைப் பார்க்குமுன் கழிவைப் பற்றி வினவினார்; கேட்டுவிட்டு, அது செய்ததாக யாம் குற்றம்போல் அடுக்கிய ஒவ்வொன்றையும், களிச்சட்டியும் கடலையும் மண்ணும் கழிவும், நோய்க்குறிகளாகத் தாளில் எழுதிக்கொண்டார். குற்றப்பட்டியல் எம் கண்ணெதிரே மருத்துவக் குறிப்பாய் மாறியது.

அவர் விளக்கியதை எமக்கு விளங்கிய அளவில் உரைக்கின்றோம். இரைப்பைக்கு அருகே முன்சிறுகுடலின் மடிப்பில் கணையம் என்னும் வெளிறிய சுரப்பி உளது. அதற்குத் தொழில் இரண்டு. ஒன்று, நொதிகள் கலந்த நீரைக் குடலுள் வார்த்தல்: லைப்பேஸ் கொழுப்பையும், அமைலேஸ் மாச்சத்தையும், டிரிப்சின் முதலியன புரதத்தையும் சிறுசிறு கூறாய் உடைக்கும், உடைந்தால்தான் குடற்சுவர் அவற்றை உறிஞ்சும். மற்றொன்று, அச்சுரப்பியிடையே திட்டுத்திட்டாய்ச் சிதறிக் கிடக்கும், 1869ஆம் ஆண்டில் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்த அணுக்கூட்டங்கள் இன்சுலினைக் குருதியில் விடுத்தல். வேங்கைக்கு முதற்றொழில் நின்றுபோயிற்று. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இது குலவழி வருவது. உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே நொதி சுரக்கும் பகுதியைப் பகையென மயங்கி அழித்துவிடுகின்றன. பெரும்பாலும் ஓராண்டுக்கும் நான்காண்டுக்கும் இடைப்பட்ட பருவத்தில் தோன்றும். பத்தில் ஒன்பது பங்குக்குமேல் அழியும் வரை புறத்தே ஒரு குறியும் தெரியாதாம். ஆகவே, நாய் மினுமினுப்போடு திண்ணையிற் காவலிருந்த நாளிலேயே உள்ளே அழிவு நடந்துகொண்டிருந்தது.

அதன்பின் நடப்பது எளிதில் உணரத்தக்கது. களி வயிற்றினுட் செல்கிறது, உடைப்பாரில்லை. கொழுப்பு செல்கிறது, அதுவும் அங்ஙனமே. குடல் நிறைந்திருக்க உடல் பட்டினி கிடக்கிறது. செரியாது தேங்கிய உணவைக் குடற்கிருமிகள் தமக்கு விருந்தாக்கிப் பெருகுகின்றன. இரைச்சலும் நாற்றமும் அவற்றால் மிகுவன. நாயின் கழிவில் உண்மையிலேயே உணவு மிஞ்சியிருக்கிறது. அதனை அது மீண்டும் நாடியது மதிகேட்டாலன்று. யாம் அடித்தபோது அது நக்கிக்கொண்டிருந்தது தனக்கு உரிய, தன் உடல் ஏற்றுக்கொள்ளாத உணவையே.

ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடந்தருக. தமிழ் மாணவர்க்கு அது விடாத நோய். பழந்தமிழில் கோட்டைக் கதவின் உட்புறத்தே குறுக்கிடும் மரத்துக்கும் கணையம் என்பது பெயர். சுரப்பிக்கு அப்பெயர் வந்த வழியை யாம் இங்கே தேடப் புகவில்லை. ஆயினும், குறுக்குமரம் உளுத்த கோட்டையும் உளுக்கத் தொடங்கிய நாளில் வெளியார்க்குத் தெரியாது. கதவு பெயர்ந்த நாளிலேதான் தெரியும்.

ஐயம் தீரக் குருதிச் சோதனை வேண்டியிருந்தது. நலமுள்ள கணையத்திலிருந்து டிரிப்சினும் அதன் முன்னுருவும் ஒரு துளி அளவில் குருதியிற் கசிந்துகொண்டே இருக்கும். சுரப்பி நலிந்தால் கசிவும் குறையும். அதனை அளப்பதே சோதனை. நாய்க்கென்றே அமைந்த சோதனையாதல் வேண்டும், மனிதர்க்குரியது பயன்படாது. லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழிருந்தால் நோய் உறுதி. வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும் என்பதற்காக முந்திய இரவு முழுதும் பட்டினி வைத்திருந்தோம்; பசிநோய்க்காரனுக்குப் பட்டினி! அவ்விரவு வேங்கை வாயிற்கதவைப் பிறாண்டிய வடு இன்றும் மரத்தில் உள்ளது. குருதி வெளியூர் ஆய்வுக்கூடம் சென்று முடிவு வர நாட்கள் பல ஆயின. அளவு 2.5க்குக் கீழேயே நின்றது. பி12 உயிர்ச்சத்தும் குறைந்திருந்தது. அச்சத்தைக் குடல் ஏற்பதற்குத் துணைசெய்யும் பொருள் மனிதர்க்கு இரைப்பையிற் சுரக்கும், நாய்க்கோ பெரும்பாலும் கணையத்திலேயே சுரக்கும் என்று மருத்துவர் விளக்கினார்.

செய்தி கேட்ட பாட்டியார் எம்மை அருகழைத்து, கணையம் என்றால் எது என்றார். அவர் இருபதாண்டாகச் சர்க்கரை நோயுடையவர்; நாள்தோறும் இன்சுலின் ஊசி இட்டுக்கொள்பவர். அவர்க்கு ஊசி தேவைப்படுவதும் அதே சுரப்பியின் குறையாலே. ஆனால் இரண்டாந்தொழிலின் குறை என்று கூறினோம். "அப்ப எனக்கும் டைகருக்கும் ஒரே எடத்துலதான் கோளாறா கண்ணு?" என்றார். ஆம் என்றோம். அன்று முதல் அந்நாயின் மருத்துவச் செலவைப் பற்றி எம் வீட்டில் பாட்டியார் முன்னிலையில் எவரும் வாய் திறப்பதில்லை.

அவரிடம் கூறாத ஒரு கதை உண்டு. கூறினால் உறக்கங் கெடுவார். இச்சுரப்பியைப் பற்றி மனிதர் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் நாய்களின் வயிற்றைத் திறந்து அறிந்ததே. 1664ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் டி கிராப் என்பார், உயிருள்ள நாயின் கணையக் குழாயில் இறகுத்தண்டைச் செருகி அதன் நீரைச் சேர்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கிளாடு பெர்னார்டு அந்நீர் கொழுப்பை உடைப்பதைக் காட்டினார். 1889ஆம் ஆண்டில் ஸ்டிராஸ்பர்க்கில் மிங்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் நாயொன்றின் கணையத்தை அகற்ற, அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையம் நீக்கிய நாய்களுக்குக் கணையச் சாற்றை ஏற்றினர். மார்ஜரி என்னும் நாய் அதனாற் பல வாரம் வாழ்ந்தது. அடுத்த ஆண்டே இன்சுலின் மனிதர்க்கு வந்தது. பின்னர் நிகழ்ந்ததொன்றைப் படித்தபோது எமக்கு மெய்சிலிர்த்தது. இன்சுலின் ஊசியால் மட்டும் உயிர் தாங்கிய அந்நாய்கள் மேலும் சில மாதங்களில் ஈரல் கெட்டு மாண்டன. உணவோடு பச்சைக் கணையத்தைச் சேர்த்து ஊட்டியபோதே நெடிது வாழ்ந்தன. 1920களில் டொராண்டோவில் நாய்க்கு ஊட்டிய அதனையே நூறாண்டு கழித்து யாம் பென்னாகரத்திற் தேடி அலைந்தோம்.

தேட நேர்ந்தது செலவினால். பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த நொதித்தூளை ஒவ்வொரு வேளை உணவிலும் கலந்து ஊட்டுவதே இந்நோய்க்கு மருந்து. வாழ்நாள் முழுதும் ஊட்டவேண்டும். நாய்க்குரிய தூள் எம் பக்கத்திற் கிடைப்பதரிது. மனிதர்க்குரிய குளிகைகள் தருமபுரி மருந்துக் கடைகளில் உண்டு. ஆயின், முப்பது கிலோ நாய்க்கு வேண்டும் அளவு வாங்கினால் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. முதல் மாதம் தந்தையார் வாங்கினார். இரண்டாம் மாதம் கடையிலிருந்து எமக்குத் தொலைபேசியிற் பேசி, வேறு வழி உண்டா என்று மருத்துவரைக் கேட்கச் சொன்னார். அம்மையார் கூறிய வழியே பச்சைக் கணையம். நலமான விலங்கினுடையதாதல் வேண்டும்; பொடியாக நறுக்கி உணவோடு பிசைந்து தரவேண்டும்; உறைபெட்டியில் வைத்தால் சில மாதம் ஆற்றல் கெடாது; பச்சை இறைச்சியில் நோய்க்கிருமி இருத்தல் கூடுமாதலால் தொட்ட கையையும் கத்தியையும் நன்கு கழுவவேண்டும் என்றார்.

பென்னாகரத்துக் கறிக்கடை பாய் ஆட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயரும் விலையும் உடையவர்: ஈரல், சுவரொட்டி, குடல், தலை, கால். நாம் விரலாற் சுட்டிய இதற்கு மட்டும் அவரிடம் பெயருமில்லை, விலையுமில்லை. கழிவுக் கூடையிற் போவது அது. "இதக் கேட்டு வாங்குன மொத ஆளு நீதான் தம்பி" என்றார். எதற்கென்று கூறியபின், ஞாயிறுதோறும் அறுக்கும் ஆடுகள் அனைத்திலிருந்தும் எடுத்துத் தனியே ஒரு பையிலிட்டு வைப்பதாக வாக்களித்தார். ஆட்டினுடையது ஒரு பிடியும் நிறையாது. ஆதலின் மாட்டிறைச்சிக் கடையிலும் சொல்லி வைத்தோம். இன்று எம் இல்லத்துக் குளிர்பெட்டியின் மேலறையில் கணையப் பொட்டலங்கள் உறைந்து கிடக்கின்றன. கீழே கதவுத் தட்டில் பாட்டியாரின் இன்சுலின் உறையாது குளிர்ந்து நிற்கிறது. மின்சாரம் நின்றால் இருவர்க்கும் ஒருங்கே கவலை.

முதல் முறை வாங்கிய பொட்டலம் வீணாயிற்று. பச்சையாய் ஊட்டுதற்கு அன்னையார் மனம் ஒப்பவில்லை. மஞ்சளும் உப்பும் இட்டு நன்கு வேகவைத்து, மணக்க மணக்கச் சோற்றிற் பிசைந்து ஊட்டினார். ஒரு வாரம் கழிந்தும் கழிச்சல் முன்போலவே. யாம் தொலைபேசியிற் கேட்டபோதே உண்மை வெளிப்பட்டது. நொதி தீயில் வெந்தால் அழிந்துவிடும் என்றதும், அன்னையார், "வேகாத கறிய வீட்டுல யாருக்கும் போட்டதில்லயே" என்று வருந்தினார். அவர் செய்த பிழை அன்பினால் ஆயது. கிறிஸ்துமஸ் நாளில் யாம் ஊட்டிய கொழுப்பும் அத்தகையதே. நோய் எது என்று அறியாத அன்பு அந்நாய்க்கு உதவவில்லை.

பச்சையாய் ஊட்டத் தொடங்கிய ஐந்தாம் நாள் கழிவு இறுகிப் பழுப்பு நிறம் அடைந்தது. எம் தந்தையார் அச்செய்தியைத் தேர்வு முடிவு தெரிவிப்பார்போல் விடுதிக்கு அழைத்துத் தெரிவித்தார். அருகிருந்த நண்பர்கள் எதற்கு இவ்வளவு மகிழ்ச்சி என்று வினவ, யாம் விடை கூற நாணினோம். பி12 ஊசி வாரம் ஒன்றாக ஆறு வாரம் இட்டனர். உணவை மூன்று வேளையாகப் பகுத்தனர். எலும்பையும் கொழுப்பையும் நிறுத்தினர். ஏப்ரலில் 23 கிலோ, ஆகஸ்டில் 27, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸில் 29. பழைய 31ஐ அது எட்டவில்லை, எட்டாமலும் போகலாம். நோய் தீர்ந்ததென்று எண்ணிவிடவேண்டா. அழிந்த சுரப்பி மீளாது. ஒரு வேளை கணையம் கலவாத உணவை உண்டால் மறுநாளே வயிறு இரையத் தொடங்கும். கறிக்கடைக்கு விடுமுறையான வாரத்தில் குளிகைக்குச் செலவாகும். மணிமேகலை ஒரு பிடி அமுது இட்டவுடன் காயசண்டிகையின் பசி அடியோடு அகன்றது. எம் வேங்கைக்கோ ஒவ்வொரு பிடிக்கும் மருந்து கலக்க வேண்டும்.

களிச்சட்டியை இப்போது அது தொடுவதில்லை. கோழித் தவிடு கோழிக்கே மிஞ்சுகிறது. கலத்தில் உணவு மீதி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வதை அன்னையார் முதன்முறை கண்டபோது, தெருவிலிருந்தவர்களை அழைத்துக் காட்டினாராம். சிறுவர்கள் மீண்டும் வந்து அதன் காதைப் பிடித்து இழுக்கின்றனர். தந்தையார் பள்ளியிலிருந்து திரும்பியதும் முதலில் விசாரிப்பது அதனையே. தொப்பூரைப் பற்றி அவரும் பேசுவதில்லை, யாமும் பேசுவதில்லை.

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புளி உலுக்க வேண்டி ஒரு வாரம் இல்லம் சென்றிருந்தோம். எம்மைக் கண்டதும் வேங்கை துள்ளி வந்து தோள்மேற் கால்வைத்து முகத்தை நக்கிற்று. பின்பு கிளைகளை உலுக்குதற்காகச் சுவரிற் சாத்தியிருந்த நீண்ட கழியை எடுத்தோம். கழியை உயர்த்தியவுடன் நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு, வயிறு நிலத்திற் படிய ஊர்ந்து சென்று, திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியாரின் பின்னே மறைந்தது. கழியைக் கீழே வைத்துவிட்டு, "வேங்கை" என்று அழைத்தோம். "டைகர்" என்றும் அழைத்தோம். அது வரவில்லை. அன்று புளியைத் தந்தையாரே உலுக்கினார். யாம் குனிந்து பொறுக்கினோம்.